அப்பா வேண்டாமென்று சொல்லாத படிப்பு

வரலாறு படிக்கிறேன் என்று நான் சொன்னதும் அப்பா, "படி சாமி, உனக்குப் புடிச்சதையே படி" என்றார். அவ்வளவுதான். சோற்றுத் தட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. எங்கேயோ இடித்தது.

இதே மனிதர்தான் மூன்று வருஷத்துக்கு முன்பு அண்ணன் விஸ்காம் படிக்கிறேன் என்றபோது வானத்துக்கும் பூமிக்கும் குதித்தவர். "போட்டோ புடிக்கிறதெல்லாம் ஒரு படிப்பாடா? நாளைக்கு சோத்துக்கு என்ன பண்ணுவ?" என்று ஒரு வாரம் வீடே ரெண்டுபட்டது. கடைசியில் அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மெக்கானிக்கல் சேர்ந்தான். அப்படிப்பட்டவர் என்னிடம் சோத்துக்கு என்ன பண்ணுவாய் என்று கேட்கவே இல்லையே?

கம்பைநல்லூருக்கு நான் பள்ளிக்கூடம் போன வழியில், ஒரு சோளக்காட்டு ஓரம் நடுகல் ஒன்று உண்டு. கையில் வில்லோடு ஒருவன், தலைக்கு மேலே நாலு வரி எழுத்து. அந்த எழுத்தைத் தடவித் தடவிப் பார்ப்பேன், ஒன்றும் புரியாது. என்றைக்காவது அதைப் படித்தே தீருவது என்று பிடிவாதமாக இருந்தேன். அது அப்பாவுக்கும் தெரியும்.

அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். "அவரே சரின்னுட்டாரு, நீ எதுக்கு நோண்டற? சும்மா கெட" என்றாள். அந்தச் 'சும்மா கெட'வும் எனக்குச் சரியாகப் படவில்லை.

கலந்தாய்வு நாளில் அப்பாவும் நானும் தருமபுரிக்கு பஸ் ஏறினோம். காலேஜுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. மார்க் ஷீட், டி.சி. எல்லாம் கொடுத்து முடித்த அப்பா, பையின் அடியிலிருந்து மஞ்சள் தடவிய தாள் ஒன்றை எடுத்தார். என் ஜாதகம். "இதுல நாலு காப்பி போடுங்க."

"காலேஜுக்கு எதுக்குப்பா இது?"

"காலேஜுக்கு இல்ல சாமி, தரகர் கேட்டாரு. டிகிரி படிக்கிற பொண்ணுன்னா நல்ல எடமா வருமாம்." ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னார். "நீ என்ன படிச்சா என்ன, வேலைக்கா அனுப்பப் போறோம்? போற வூட்டுல பாத்துக்குவாங்க."

அடப்பாவமே! இதற்கா இத்தனை நாள் தாராளம்? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அண்ணனுக்குக் கிடைத்த சண்டைகூட எனக்குக் கிடைக்கவில்லை. இவர் சரி என்றதைப் படிப்பதில்லை, வேலை கிடைக்கிற படிப்பாகப் படித்து வேலைக்குப் போய்க் காட்டுகிறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே படியேறினேன்.

உள்ளே பேராசிரியர், "வரலாறு, பி.காம் ரெண்டுலயும் சீட் இருக்கும்மா. எது வேணும்?" என்றார்.

"பி.காம் சார்."

அப்பா பதறிப்போனார். "வரலாறுன்னுதானே சாமி சொன்ன?"

பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரைச் சந்தேகமாக ஏற இறங்கப் பார்த்தார். "வேலை கெடைக்காதுன்னு பயமுறுத்தி மாத்த வச்சீங்களா? பொண்ணு விருப்பத்துக்கு விடுங்க."

"ஐயோ, நான் ஒரு வார்த்தை வேணாம்னு சொல்லலீங்க சார்."

"ஆமாங்க சார், சொல்லல" என்றேன். அதைச் சொன்னபோதுதான் எனக்கு அழுகை வந்தது.