கங்காணியின் தாடிக்குள் இருந்த மோவாய்

டிரைவர் சுப்பையா அண்ணன் தவறிவிட்டார் என்று தானா ராத்தாவிலிருந்து வந்த காய்கறி லோரிக்காரர்தான் சொன்னார். "எந்தச் சுப்பையா?" என்றேன். அவர் தம் மோவாயைத் தொட்டு, கையைக் காற்றில் ஒரு முழம் இழுத்துக் காட்டினார். அதற்குமேல் விவரம் தேவைப்படவில்லை.

மழையில் நின்றால் அண்ணனின் சட்டைக்கு முன்பே மோவாய் நனைந்துவிடும். எனக்கோ உதடு முடியும் இடத்தில் கழுத்து தொடங்கிவிடும். நாங்கள் சேர்ந்து போனால், "ஒருத்தன் பங்கையும் இன்னொருத்தனே எடுத்துக்கிட்டான் லா" என்று தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் சிரிப்பார்கள். அதற்குப் பயந்தே நான் தாடி வளர்த்தேன்.

நம் தோட்டத்து லயத்து வீடுகளில் பிள்ளை பிறந்தால் மூக்கு அப்பனுக்கு, காது மாமனுக்கு என்று பெண்கள் பாகம் பிரிப்பது உங்களுக்குத் தெரியும். அண்ணன் பிறந்தபோது மோவாய்க்கு மட்டும் ஆள் அகப்படவில்லை. அப்போதிருந்த வெள்ளைக்காரத் துரைக்கு நீண்ட மோவாய். அவர் பங்களாவில் சமைத்தவர் அண்ணனின் தாயார் மாரியம்மா. அப்புறம் கதை முளைக்கக் கேட்க வேண்டுமா? அந்த அம்மாள் வருடக்கணக்கில் குழாயடியில் தலை குனிந்தே தண்ணீர் பிடித்தார்.

அண்ணன் சண்டைக்குப் போகவில்லை, ஆராய்ச்சிக்குப் போனார். கல்யாணமோ கருமாதியோ, உறவுக்காரர்களைப் பக்கவாட்டில்தான் பார்ப்பார். "வானத்திலருந்தா விழும்? எவன்கிட்டருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன் தம்பி."

"கரும்பு கடிச்சு வளந்துச்சுன்னு சொல்லிடுங்கண்ணே."

"அப்ப நீ கஞ்சியே குடிச்சு வளந்தியா? அந்தத் தாடிக்குள்ள என்னதான்டா ஒளிச்சு வச்சிருக்க?"

தாடி என்று தாம் சொன்னதே உறைத்து, ஓட்டிக்கொண்டிருந்த லோரிக்கு அவர் சட்டென்று பிரேக் போட்டார். அவருடைய அப்பா வேலுக் கங்காணிக்கு நெஞ்சுவரை தாடி. கல்யாணத்துக்கு முன்பே முருகனுக்கு நேர்ந்து வளர்த்ததாம். அந்த முகத்தை வீட்டில் யாருமே பார்த்ததில்லை.

எழுபதுகளில் ஒரு தைப்பூசத்தன்று, "தாடியை இறக்குங்கப்பா" என்றார் அண்ணன். கங்காணி மறுத்தார். "நானும் பாக்கணும்" என்றார் மாரியம்மா. தாடி விழுந்தது. அண்ணனின் மோவாய் அப்படியே அங்கே இருந்தது, கொஞ்சம் வெளுப்பாக.

"சின்னதுல எல்லாரும் கேலி பண்ணானுங்க, புள்ள" என்றார் கங்காணி மனைவியிடம்.

"என்னைய பண்ணது உங்க காதுல விழலையா?"

"எங்கிட்ட எவனும் சொல்லலையே!"

எல்லாரையும் வேலை வாங்கும் கங்காணியிடம் யார் சொல்வார்கள்? மறுநாள் விடிந்ததும் மாரியம்மா அவர் தோளிலேயே குடத்தை ஏற்றி, தமக்கு முன்னால் குழாயடிக்கு நடக்கவிட்டார். அன்று தலை குனிந்தவர்கள் மற்றவர்கள்.

அண்ணனின் தம்பிகளுக்கு ஏன் அது வரவில்லை என்று கேட்டிருக்கிறேன். "அது ஆள் பாத்துத்தான் வருது போல" என்றார். துக்க வீட்டில் அவருடைய பேத்தியைப் பார்த்தேன். பாகம் பிரிக்க வேலையே இல்லை.

வீடு திரும்பியதும் என் தாடியை எடுத்துவிட்டேன். "இவ்வளவுதானா?" என்றாள் மனைவி. இவ்வளவுதான். அண்ணன் எடுத்துக்கொண்டதுபோக எனக்கு மிஞ்சியது, மலைக்குளிரில் நடுங்கும் இந்தச் சின்ன மோவாய்.