மகாராணி போன விருந்து

தெருவே அவளை மகாராணி என்றுதான் கூப்பிட்டது. எல்லாம் கிண்டல்தான். பெரிய வீட்டுத் துணிகளை வெளுத்துக் கஞ்சி போட்டுப் பிழைக்கிற விதவைக்கு, இரண்டு பெண்களையும் குதிரை வண்டி வைத்திருக்கும் வீட்டில்தான் கட்டிக்கொடுப்பேன் என்று பிடிவாதம் இருந்தால் தெரு சும்மா இருக்குமா? அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "கூப்பிடட்டுமே, இப்பவே பழகிக்கிறேன்" என்பாள்.

பாட்டு டீச்சருக்குச் சும்மாவே துணி வெளுத்துக் கொடுத்து, பெண்களைப் பாட்டுக் கற்றுக்கொள்ள வைத்தாள். டீச்சரின் இருமலுக்கு மருந்து கொடுக்க வந்த இளம் வைத்தியர் அங்கேதான் பெரியவளைப் பார்த்தார். இருமல் நின்ற பிறகும் வந்துகொண்டிருந்தார். அவருடைய அக்கா நீதிபதியின் மனைவி. ஒரு நாள் அந்த வீட்டிலிருந்தே விருந்துக்கு அழைப்பு வந்துவிட்டது! மகாராணிக்குக் கால் தரையில் பாவவில்லை.

"என்ன தொழில்னு கேட்டா?" என்றாள் சின்னவள்.

"துணி வியாபாரம்னு சொல்லு. துணி இல்லாமலா பொழைக்கிறோம்?"

நீதிபதி வீட்டுத் துணியும் இவள் கையில்தான் வெளுத்தது. நல்லவேளை, மூட்டை தூக்கிப் போவது பக்கத்து வீட்டுக்காரி. மகாராணியின் முகம் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

விருந்தில் பெரியவள் பாடினாள். வைத்தியர் கண்ணிமைக்கவில்லை. "பொண்ணுங்களை நல்லா வளர்த்திருக்கீங்க" என்றார் நீதிபதி மனைவி. மகாராணிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இன்னும் அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், சம்பந்தம் முடிந்த மாதிரிதான்.

அப்போது பார்த்து வைத்தியரின் கை பட்டுத் திராட்சைச் சாறு கவிழ்ந்தது. லேஸ் வைத்த வெள்ளை மேசைவிரிப்பு நட்டநடுவில் சிவந்துபோயிற்று. அது நீதிபதி மனைவிக்குத் தாய்வீட்டில் கொடுத்த சீதனம். வேலைக்காரி சோப்பும் கையுமாக ஓடிவந்தாள்.

"சோப்பு வைக்காதே!" மகாராணி எழுந்தே விட்டாள். "பழக்கறையில சோப்பு வெச்சா ஒட்டிக்கும்னு போன மாசமே மூட்டையோட சொல்லி அனுப்பினேனே, காதுல விழலையா?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

பெரியவள் அம்மாவின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு விரிப்பை உருவி, கறை பட்ட இடத்தை ஒரு கிண்ணத்தின் மேல் இழுத்துப் பிடித்தாள். "இனிமே என்னம்மா? கொதிக்கிற தண்ணி கேளு."

தண்ணீர் வந்தது. மகாராணி கெண்டியைத் தலைக்கு மேலே தூக்கி ஊற்றினாள். உயரத்திலிருந்து விழுந்தால்தான் கறை விடும். பெண்ணின் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் தண்ணீர் கறையை விட்டு இம்மியும் விலகவில்லை. சிவப்பு வெளிறி ரோஜா நிறமாகி, பிறகு அதுவும் போய்விட்டது.

நீதிபதி மனைவி நன்றி சொல்லவில்லை. "வேலைக்காரங்க பின்வாசல் வழியாத்தான் போவாங்க" என்றார்.

மூவரும் பின்வாசலில் இறங்கினார்கள். பின்னாலேயே தடதடவென்று காலடிச் சத்தம். வைத்தியர்! உள்ளேயிருந்து அக்கா கூப்பிடுவது தெருவரை கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"அத்தை, நாளைக்கே எங்கம்மாவைக் கூட்டிக்கிட்டுப் பொண்ணு கேட்டு வர்றேன். எந்த வாசலுக்கு வரணும்?"

பெரியவள் தலையைக் குனிந்து சிரித்தாள். மகாராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்கு ஒரே வாசல்தான், தம்பி. கொஞ்சம் குனிஞ்சு வரணும்."