சுவர்ணாக்கா காரைத் திருப்பிக் கொடுத்த நாள்

லண்டன் ஹவுன்ஸ்லோவில் எங்கள் தெருவில் சுவர்ணாக்காவை எல்லோருக்கும் தெரியும். பாதிப் பேருக்குப் பிடிக்காது. விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை ஏற்றிய தட்டுவண்டிகளை வரிசையாகக் கொழுவி இழுத்துப் போகும் வண்டியைப் பத்தொன்பது வருடமாக ஓட்டுகிறார். ஆண்கள் மட்டும் நின்ற ஷிப்டில் அவர் போய் நின்றபோது, கடையில் காசாளராக இருக்கலாமே என்று புத்தி சொன்னவர்கள் எங்கள் ஆட்கள்தான். அவர் கேட்கவில்லை. கேட்கிற ஆளும் இல்லை.

கணவர் சிவானந்தன் அண்ணைக்கு இரண்டு சிறுநீரகமும் போய் ஆறு வருடம். வயிற்றில் வைத்த குழாய் வழியாக மருந்துநீரை விட்டு எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாலு பை, ஒவ்வொன்றும் இரண்டு லீட்டர். கைகழுவ இடமும் யாரும் கதவைத் தட்டாத சுத்தமான அறையும் வேண்டும். உறவுக்காரர் வீட்டில் அவருக்குக் கூச்சம், ஹோட்டலில் பயம். ஆறு வருடத்தில் மனிதர் ஓர் இரவுகூட வெளியே தங்கவில்லை. ஜன்னலடியில் இருந்து எதிர்வீட்டுப் பூனையின் போக்குவரத்தைச் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார்.

அதற்காகத்தான் அக்கா ஒரு பழைய கரவன் வாங்கினார், காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப் போகும் சின்ன வீடு. கட்டில், தண்ணீர்த் தொட்டி, ஹீட்டர், உள்ளே பூட்டிக்கொள்ளக் கதவு. இரண்டு கிழமை, அதாவது பதினாலு நாள், வேல்ஸ் கடற்கரை. மருத்துவமனையில் தாராளமாகப் போகலாம் என்றார்கள். அண்ணையின் தமக்கை றூபினிதான் குறுக்கே நின்றார்.

"வருத்தக்காரனை ஏன் றோட்டு றோட்டா இழுத்துக்கொண்டு திரியப்போறாய்? அகதியா வந்து கூடாரத்தில கிடந்தது காணாதே?"

"அப்ப துரத்தினாங்கள், ஓடினம். இப்ப நாங்களாப் போறம், மச்சாள். ரெண்டும் ஒண்டோ?"

இனி கரவனை இழுக்க வண்டி வேண்டும். இங்கேதான் அக்கா சறுக்கினார். நம்மவர்கள் கார் வாங்கும் அழகே தனி. 'எங்கட ஆள்' ஒருவர் இருப்பார். அவர் போனில் படம் அனுப்புவார். எத்தனை பேர் இருக்கலாம் என்று கேட்போம், இலக்கத்தகட்டின் எண்களைக் கூட்டி எட்டு வராமல் பார்ப்போம், அவ்வளவுதான். எங்கள் ஆள் கிங்ஸ்பரி ஜெராட். சாமான் ஏற்றிய கரவன் ஆயிரத்து ஐந்நூறு கிலோ என்று அக்கா தெளிவாகத்தான் சொன்னார்.

"ஆனை மாதிரி இழுக்கும், அக்கா. ஏழு சீற். குடும்பத்தோட கலியாணத்துக்கும் போகலாம்" என்றார் ஜெராட். தன் வாழ்நாளில் ஒரு கைவண்டி இழுத்திராத மனிதர். அக்காவும் நம்பிவிட்டார்.

சனிக்கிழமை காலை கோயில் வாசலில் கார்ப் பூசை. கத்தோலிக்கரான ஜெராட்டே மாலை போட்டுக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய். ஐயர் கர்ப்பூரம் காட்டி முடித்துவிட்டார். அண்ணை முன்சீற்றில் இருந்தார். பழத்தட்டோடு நானும் நின்றேன். தேசிக்காயை நசித்துக் காரை எடுக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி.

அக்கா கதவைத் திறந்தார். ஏறவில்லை, குனிந்தார். வேலையிடத்தில் எந்தப் புது வண்டியானாலும் அதன் தகட்டை வாசிக்காமல் அவர் எடுப்பதில்லை. கதவுத்தூணில் ஒட்டியிருக்கும் சின்னத் தகடு அது. முதல் எண், சுமையோடு வண்டி எவ்வளவு கனக்கலாம் என்பது. இரண்டாவது, பின்னால் இழுப்பதையும் சேர்த்து எவ்வளவு என்பது. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால், இழுக்கக்கூடிய கனம் வரும்.

"ஜெராட், இஞ்ச வா. ரெண்டாவது நம்பர் எங்க? வெறும் கோடு கிடக்கு."

"அது கொம்பனிக்காரன் போடாமல் விட்டிருப்பான், அக்கா."

"கோடு எண்டால் ஒண்டையும் இழுக்கக் கூடாது எண்டு அர்த்தம்."

"மெல்லமாப் போனால் இழுக்கும், அக்கா. எத்தினை பேர் செய்யினம்!"

"அதில எத்தினை பேர் வயித்தில குழாயோட மனுசனைப் பக்கத்தில இருத்திக்கொண்டு போகினம்?"

றூபினி முன்னால் வந்தார். "ஐயர் நிக்கிறார், ஊரே நிக்குது. மானத்தை வாங்காதை. இப்ப எடு, பிறகு பாப்பம்."

"பிழை என்னிலதான், மச்சாள். எங்கட ஆள் எண்டு பாக்காமல் விட்டன். அதுக்காக இவரை வச்சு விளையாட ஏலாது. நான் எடுக்கமாட்டன்."

சொன்னவர் குனிந்து, நாலு தேசிக்காயையும் பொறுக்கி என் தட்டில் போட்டார். காரின் திறப்பை ஜெராட்டின் கையில் வைத்தார். அபசகுனம் என்று யாரோ முணுமுணுத்தார்கள். றூபினி காருக்குள் தலையை நீட்டினார்.

"தம்பி, நீயாவது சொல்லு!"

அண்ணை பெல்ட்டைக் கழற்றி மெதுவாக இறங்கினார். "சொல்லுறன். சுவர்ணா, பஸ் எத்தினை மணிக்கு?"

எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. தட்டவில்லை. பயந்தாங்கொள்ளி நான், அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

பிறகு ஒரு மாதம், லீவு நாளெல்லாம் அக்கா வண்டி பார்த்தார். விற்பவன் வாயைத் திறக்குமுன் கதவைத் திறந்தார். ஒன்று லண்டன் புகைச் சட்டத்துக்கு ஆகாத பழைய டீசல். இன்னொன்று கரவனைவிட இலேசு. பின்னால் வருவது முன்னால் போவதை ஆட்டிவிடும் என்று அதையும் விட்டார். கடைசியில் எசெக்ஸ் தோட்டக்காரன் ஒருவனிடம் இரண்டு வரிசை சீற் உள்ள பிக்கப் கிடைத்தது. இரண்டு தொன் கனம், சேற்று நிறம், இலக்கத்தைக் கூட்டினால் எட்டு. தகட்டில் கழித்துப் பார்த்தால் இரண்டாயிரத்து எண்ணூறு கிலோ. "எட்டெண்டால் எட்டு" என்று அக்கா வாங்கிவிட்டார். பூசைக்கு யாரையும் கூப்பிடவில்லை. அறுபது பைகளையும் தராசில் நிறுத்து, கரவனின் அச்சுக்கு மேலே தாழ்வாக அடுக்கினார்.

அவர்கள் போய் ஐந்தாம் நாள், றூபினி என் வீட்டுக் குசினியில் இருந்து தம்பியைப் போனில் அழைத்தார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"காணும், தம்பி. எப்ப வீட்ட வாறாய்?"

"பத்து நாளைக்குப் பை கிடக்கு, அக்கா. முடியட்டும்."

"இப்ப எங்க நிக்கிறியள்?"

"நிக்கேல்லை, போய்க்கொண்டிருக்கிறம்."

"எங்க?"

"தெரியாது. அடுத்த பைக்கு இன்னும் நாலு மணித்தியாலம் இருக்கு. அதை உங்களோட கதைச்சு முடிக்க ஏலாது, வையுங்கோ."