நீடாமங்கலம் வயலோரம் ஒரு டிரான்ஸ்பார்மர் சோதனை

மஸ்கட்டில் தீத்தடுப்பு அமைப்புகளை வடிவமைக்கும் வேலைக்குப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு வைகாசி விடுமுறையில் தஞ்சாவூர் வந்திருந்தபோது, என்னோடு பொறியியல் படித்த செல்வின் கூப்பிட்டான். நீடாமங்கலம் பக்கம் புதிதாக எழும் துணை மின்நிலையத்துக்கு அவன்தான் பொறுப்பு. "டிரான்ஸ்பார்மருக்குத் தண்ணி அடிச்சு டெஸ்ட் பண்ணப் போறோம், மாலதி. வந்து பாரேன்."

காலைப் பாசஞ்சரில் ஏறினால் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். டிக்கெட்டைவிட ஸ்டேஷன் காபிக்கு அதிகம் கொடுத்தேன். இறங்கியதும் ஆட்டோக்காரர், "புதுக் கரண்ட் ஆபீசா? அது வந்தாலாவது ஃபேன் ஒழுங்கா சுத்துமாங்க?" என்றார். போகும் வழியெல்லாம் குறுவைக்கு நாற்று விட்டிருந்தார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லை. எல்லாம் மோட்டார் போட்டு இறைக்கும் போர்வெல் தண்ணீர்.

பெரிய டிரான்ஸ்பார்மருக்குள் ஆயிரக்கணக்கான லிட்டர் எண்ணெய் இருக்கும். தீப்பிடித்தால் அதைச் சுற்றி வளையமாகப் போன குழாய்கள் நாலா பக்கமும் தண்ணீரைப் பீய்ச்சி, சூட்டைத் தணித்துத் தீயை அடக்க வேண்டும். அடித்த தண்ணீரும் கொட்டிய எண்ணெயும் அடியிலுள்ள ஜல்லிப் பள்ளத்தில் தங்க வேண்டும்.

இன்னும் மின்சாரம் கொடுக்காத டிரான்ஸ்பார்மர் மீது வால்வைத் திறந்தார்கள். அழகாக அடித்தது. ஒரு மூலைகூட விட்டுப்போகவில்லை. ஆட்கள் கைதட்டினார்கள். நான் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். சோதனை பாதி முடிவதற்குள் பள்ளம் நிரம்பி, தண்ணீர் சுவரைத் தாண்டி வேலிக்கு அப்பாலுள்ள வாய்க்காலில் இறங்கியது. அடியில் ஊற்றுத் தண்ணீர் சுரந்துவிடும் என்று பயந்து, தோண்டியவர்கள் ஆழத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று செல்வின் விசாரித்துச் சொன்னான்.

"நிஜமாத் தீப்பிடிச்சா இதோட எண்ணெயும் சேந்து வயலுக்குப் போகும்" என்றேன்.

செல்வின் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அடுத்த வாரம் கரண்ட் குடுத்து சார்ஜ் பண்றதா சொல்லியாச்சு."

வேலிக்கு அந்தப் பக்கம் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்த பெண்மணியின் பெயர் வசந்தா. அந்த வாய்க்கால் முதலில் போய்ச் சேரும் வயல் அவருடையது. செல்வின் அவரிடம் மறைக்காமல் விஷயத்தைச் சொன்னான். பள்ளத்தைச் சரிசெய்ய மூன்று வாரம் ஆகும் என்றான்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னிக்கோ தீப்பிடிக்கும்னு இப்ப நிறுத்துவீங்களா சார்? வோல்டேஜ் இல்லாம மோட்டாரு முனகுதுங்க. நாத்து காயுது. எண்ணெ வந்தா நான் பாத்துக்கறேன், நீங்க கரண்ட்டக் குடுங்க."

அவர் சொன்னதில் எதுவும் தவறில்லை. செல்வின் வாய்க்காலைக் கைகாட்டி, "உங்க வயலோட நிக்காதும்மா. இது கீழ எத்தனையோ பேருக்குப் போகுது" என்றான். அங்கேயே நின்று மேலதிகாரியைக் கூப்பிட்டு, வேலை முடியாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றான். எதிர்முனையில் கத்தியது எங்கள் காதிலும் விழுந்தது. வசந்தா எங்களைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அன்று மத்தியானமே இருவரும் உட்கார்ந்து, எண்ணெய் தங்க ஊற்று புகாத தனித்தொட்டி ஒன்றைத் தள்ளி அமைக்க வரைந்தோம். மஸ்கட்டுக்குத் திரும்பிய பின் செல்வின் போனில் சொன்னான்: தொட்டி தயார், மின்சாரமும் கொடுத்தாகிவிட்டது. வசந்தாவின் நாற்றில் பாதி காய்ந்து, வெளியில் கேட்டு வாங்கி நட்டிருக்கிறார். "இப்பவும் எங்கிட்டப் பேசறதில்ல" என்றான்.

அந்த டிரான்ஸ்பார்மர் இன்றுவரை தீப்பிடிக்கவில்லை. பிடிக்காமலே போகலாம். அப்படியானால் நாங்கள் காப்பாற்றியதை யாரும் பார்க்கப் போவதில்லை; அவர் இழந்ததை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள். என் வேலையில் இது பெரும்பாலும் இப்படித்தான் என்பது அந்தப் பயணத்தில்தான் உறைத்தது.

இப்படி ஒரு சோதனையைப் பார்க்கப் போகிறவர்கள் முன்னனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். காற்று அடிக்கும் திசையில் நின்றால் முழுக்க நனைவீர்கள். தண்ணீர் அடிப்பதைப் பார்த்து முடித்ததும் கிளம்பிவிடாமல், அது ஓடும் வழியே கொஞ்சம் நடந்து பாருங்கள். அங்கே யாராவது நின்றுகொண்டிருந்தால் பேசுங்கள், திட்டினாலும்.