கடல் எடுக்காத வேட்டித் துணிகள்

என் மனைவியின் அப்பா உடுத்திய வேட்டிகளிலிருந்து கிழித்த குழந்தைத் துணிகளை பிடோக் கடற்கரை மணலில் புதைத்துவிட்டு, கடல் இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று அவளிடம் சொன்னேன். ஐந்து ஆண்டுகள் அந்தப் பொய்யோடு அவள் கையால் சாப்பிட்டேன்.

பிறந்த குழந்தைக்குப் புதுத் துணி கட்டமாட்டார்கள். உறுத்தும். துவைத்துத் துவைத்து நைந்த வேட்டிதான் பிஞ்சு உடம்புக்கு ஏற்றது. அதைத் தாய்வீட்டிலிருந்து கொடுப்பது வழக்கம். என் மனைவிக்குத் தாய்வீடு என்றால் நாகப்பட்டினத்தில் இருந்த அப்பா ஒருவர்தான். மகள் பிறந்த செய்தி கிடைத்ததும் அவர் தன் ஆறு வேட்டிகளைச் சலவை செய்து, கப்பலில் வந்தவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். "என்னால் கடல் தாண்ட முடியாது. என் வேட்டி வருகிறது" என்று ஒரு துண்டுக் காகிதம் உள்ளே இருந்தது. இரண்டு மாதம் கழித்து அவர் இறந்த தந்தி வந்தது. கைக்குழந்தையோடு இவளால் போக முடியவில்லை.

அதன் பிறகு குழந்தையைத் தொட்டிலில் போடும்போதெல்லாம், "தாத்தாவை இடுப்புல கட்டிக்கிட்டுத் தூங்குறா பாருங்க" என்பாள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. மகளுக்கு எட்டு மாதம். அலுவலக விடுமுறையில் மூன்று குடும்பங்களாக பிடோக்கில் கூடாரம் அடித்துத் தங்கினோம். எங்கள் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர், தன் மனைவி, கைக்குழந்தையோடு வந்திருந்தார். அந்த அம்மாள் வெள்ளைக்காரர் கடையில் வாங்கிய காகிதத் துணிகளை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தார். ஒருமுறை கட்டினால் கழற்றி எறிந்துவிடலாம். என் மனைவியோ வாளி, சவுக்காரக் கட்டி, இருபத்திரண்டு வேட்டித் துணிகளோடு வந்தாள். மதியத்துக்குள் ஒன்று மகள் இடுப்பில் இருக்க, மற்றவை இரண்டு தென்னைகளுக்கு நடுவே கட்டிய கயிற்றில் ஆடின.

பெரிய கிராணி வாய்விட்டுச் சிரித்தார். "என்னய்யா, யாருகிட்ட சரணடையுறீங்க? வெள்ளைக் கொடி ஒண்ணு போதும் லா!"

எல்லோரும் சிரித்தார்கள். புதுக் காக்கி அரைக்கால்சட்டையும் வெயில் கண்ணாடியுமாக நின்றிருந்த எனக்கு முகம் எரிந்தது. மனைவிக்குக் காதில் விழவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டக் கிணற்றடிக்குக் கிளம்பியவள், "என்னங்க, பொழுது சாயறதுக்குள்ள துணியெல்லாம் எடுத்துடுங்க. பனி படக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எடுத்தேன். கயிற்றோடு சுருட்டி, மூன்றாவது தென்னையின் அடியில் குழி தோண்டி மூடினேன். திரும்பி வந்தவளிடம், "அலை ஏறி வந்துடுச்சு. கயிறோட இழுத்துட்டுப் போயிடுச்சு" என்றேன். "போனா என்ன, காகிதத் துணி இருக்கே?"

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குழந்தை இடுப்பில் இருக்க, தண்ணீர் ஓரமாகவே நடந்தாள். குனிந்து குனிந்து பார்த்தாள். வலை பின்னிக்கொண்டிருந்த மலாய்க்காரர் ஒருவர் அவளிடம் ஏதோ கேட்டார். அவள் என்னிடம் ஓடி வந்தாள்.

"என்னங்க, அவர் 'சாரி அப்பா'ங்கிறார். எங்கப்பா துணின்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

சாரி அப்பா என்றால் மலாயில் 'என்ன தேடுகிறீர்கள்' என்று பொருள். ஊரிலிருந்து வந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத அவளுக்கு அது தெரியாது. விளக்கினேன். பெரிய கிராணி வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மறுநாள் மகளைக் காகிதத் துணியோடு அலையில் உட்காரவைத்தோம். அது தண்ணீரைக் குடித்து, பாலில் ஊறிய அப்பம்போல உப்பி, மகளை நகரவிடாமல் அழுத்தியது. அவள் திருதிருவென்று விழித்ததைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம். என் மனைவியும் சிரித்தாள், முந்தின மாலை அழுது வீங்கிய கண்களோடு.

பிறகு அவளாகவே ஓர் ஆறுதலைக் கண்டுபிடித்துக்கொண்டாள். "அப்பாவோட வேட்டி கடல் தாண்டி வந்துச்சு. திரும்ப அவருகிட்டயே போயிடுச்சு" என்று பக்கத்து வீடுகளில் சொல்வாள். அதைக் கேட்கக் கேட்க என் வாய் இன்னும் இறுகியது.

ஐந்து ஆண்டு கழித்து, தோ பாயோ அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த பிறகு, அவள் மறுபடியும் உண்டானாள். "இந்தத் தடவை வேட்டிக்கு எங்க போறது?" என்றாள், தனக்குத்தானே கேட்பதுபோல. நான் சிராங்கூன் சாலையில் நான்கு வேட்டிகள் வாங்கினேன். வீட்டில் நாள்தோறும் அவற்றையே உடுத்தினேன். தேக்கா சந்தைக்கும் வேட்டியிலேயே போனேன். மீன்கடை ஈரத்தில் இரண்டு முறை அவிழ்ந்தது. தினமும் நானே துவைத்தேன்.

"என்ன, தேர்தல்ல நிக்கப் போறீங்களா?" என்று சிரித்தாள்.

எட்டாம் மாதம் அவற்றை அவள் முன் வைத்தேன். ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "நல்லா நைஞ்சிருக்குங்க. எங்கப்பா வேட்டி மாதிரியே இருக்கு."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

வேட்டி அவள் மடியில் விழுந்தது. "அப்ப, அது அவருகிட்ட போகலியா?" என்றாள். மூன்று நாள் மகள் வழியாகவே என்னிடம் பேசினாள். "சோறு ஆறுதுன்னு உங்க அப்பாகிட்ட சொல்லு." ஞாயிற்றுக்கிழமை காலை, "எங்க புதைச்சீங்க? காட்டுங்க" என்றாள்.

பிடோக்கில் கடலைத் தூர்த்துக்கொண்டிருந்தார்கள். லாரி லாரியாகச் செம்மண் கொட்டி, தண்ணீர் வெகுதூரம் போயிருந்தது. வெட்டிய தென்னையின் அடிக்கட்டை ஒன்றைக் கண்டு, இதுவாகத்தான் இருக்கும் என்று கையால் தோண்டினேன். அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கியபடி நின்றாள்.

"இன்னும் ஆழமா."

தோண்டினேன். மண் கொட்ட வந்த வயதான லாரிக்காரர் இறங்கி வந்து, குழிக்குள் எட்டிப் பார்த்து, அக்கறையாகக் கேட்டார். "சாரி அப்பா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். இப்போது அவளுக்கு மலாய் நன்றாகத் தெரியும். "அவரே சொல்லிட்டார். நீங்க இன்னும் சொல்லல."

அப்போதுதான் உறைத்தது. செய்ததைச் சொல்லியிருந்தேனே தவிர, மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. முட்டிவரை மண்ணோடு குழியைப் பார்த்துச் சொன்னேன். "சாரி, அப்பா."

தன் கேள்வியை நான் திருப்பிக் கேட்கிறேன் என்று நினைத்த லாரிக்காரர், தான் ஒன்றும் தேடவில்லை, மண் கொட்டத்தான் வந்தேன் என்று மலாயில் பொறுமையாக விளக்கினார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அழுகையானது. குழியில் எதுவும் கிடைக்கவில்லை.

மகன் பிறந்ததும், அன்று மகள் இடுப்பில் இருந்ததால் தப்பிய அந்த ஒரு துணியைப் பெட்டியிலிருந்து எடுத்து முதலில் கட்டினாள். மறுநாளிலிருந்து என் வேட்டித் துணிகள். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் அவள்தான் காயப்போடுவாள்; அவள்தான் எடுப்பாள். ஒரு மாதம் கழித்து ஒரு மாலை, அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, பொழுது சாயுது. துணிய எடுங்க."

எடுத்து மடித்து அவள் கையில் கொடுத்தேன். வாங்கியவள் என் எதிரிலேயே ஒவ்வொன்றாக எண்ணினாள். மகனுக்குத் துணி கட்டுவதை நிறுத்திய நாள்வரை, தினமும் எண்ணினாள்.