ஒரு ரிங் விட்டுடு

ஜெராக்ஸ் அக்கா என்று சொன்னால் போதும், பதிவு அலுவலகத்துக்கு எதிரே யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். தம்பியைப் படிக்கவைத்து, கல்யாணம் பண்ணிவைத்து, அவன் மகளையும் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். தனக்கென்று கல்யாணம் காட்சி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. பத்திரம், பிறப்புச் சான்று, பாஸ்போர்ட் என்று ஊரார் உயிராகப் பொத்திவைக்கும் காகிதங்களை அவளிடம் மட்டும் யோசிக்காமல் நீட்டுவார்கள். ஒரிஜினலை முதலில் கையில் கொடுத்துவிட்டுத்தான் நகலைத் தொடுவாள். அவள் கடையில் யாருடைய ஒரிஜினலும் தொலைந்ததில்லை. கடைக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போன காகிதம் திரும்பி வரும் என்பது அவள் ரத்தத்தில் ஊறிப்போன நம்பிக்கை. பாவி மகள், அதுதான் அவளைக் கவிழ்த்தது.

அடுத்தவர் பாஸ்போர்ட்டையே நகலெடுத்துக்கொண்டிருந்தவளுக்கு ஐம்பதை நெருங்கும்போது தானும் ஒன்று எடுத்தால் என்ன என்று தோன்றிவிட்டது. தம்பி மகள் கல்லூரிக்குச் சுமந்த முதுகுப்பை, வெளிநாட்டு நகரம் ஒன்றில் மலிவு விடுதி, அதில் பெண்கள் அறையில் ஒரு மேல்கட்டில். அவ்வளவுதான் ஏற்பாடு. கேள்விப்பட்டதும் தம்பியின் முகம் சுண்டிவிட்டது.

"இந்த வயசுல தனியா எங்கக்கா கிளம்புற?"

"அடுத்த வருஷம் வயசு குறைஞ்சிடுமா என்ன? போயிட்டு வரேன், விடு."

"சரி. சாயங்காலம் ஒரு ரிங் விட்டுடு."

அது அவர்கள் வீட்டுச் சட்டம். ஒரு ரிங் அடித்து நின்றால் நான் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம், எடுக்க வேண்டாம். வரவில்லை என்றால் தேடிக்கொண்டு வா. வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டினால் ஆயிற்று என்று தம்பி மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். அக்காவும் தம்பியும் கேட்டால்தானே. ரிங் வரும்வரை அவன் தட்டில் கை வைக்கமாட்டான். ஒருமுறை பஸ் பழுதாகி அவள் மறந்துபோனதற்கு, கட்டிய கைலியோடு வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்தில் வந்து நின்றவன்.

போய் இறங்கிய அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வழி தெரியாமல் தெருத்தெருவாகச் சுற்றினாள், ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி ஆற்றங்கரையில் உட்கார்ந்தாள், அடுத்த கட்டில்களில் கிடந்த மாணவிகளிடம் கையாலும் கண்ணாலும் பேசினாள். மறுநாள் விடுதிச் சமையலறையில் கெட்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அக்கா, அந்த பட்டனைக் கீழ அழுத்தணும்."

தமிழ்! அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சிவப்புக் கோட்டு போட்ட பெண், முப்பது வயதிருக்கும். இந்த ஊரில்தான் வேலையாம், தோழியைப் பார்க்க வந்தாளாம். அன்று முழுக்க அக்கா அக்கா என்று கூடவே சுற்றினாள். அவளைக் கண்டதும் வரவேற்பு மேசைக்காரன் குனிந்து எதையோ தேட ஆரம்பித்ததை நம் ஆள் பார்க்கத்தான் செய்தாள். பார்த்து என்ன பயன்?

சாயங்காலம் ரிங் விட்டுவிட்டுப் போனைப் பைக்குள் போட்டபோது சிவப்புக் கோட்டுக்காரி கேட்டாள்.

"என்னக்கா, எடுக்கறதுக்குள்ள கட் பண்ணிட்டீங்க?"

ஜெராக்ஸ் அக்கா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா? ஒரு ரிங், சாப்பாட்டுத் தட்டு, கைலி, பஸ் நிலையம் என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்லித் தீர்த்தாள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். சிரித்துவிட்டு, "தினமும் இதே நேரமா?" என்று கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை, "எதுக்குக்கா இந்த மேல்கட்டில்ல ஏறி இறங்கறீங்க? எங்க வீட்டுல ஒரு ரூம் சும்மா கிடக்கு" என்று பையைத் தானே தூக்கிக்கொண்டாள். விடுதி அறையைக் காலிசெய்தாயிற்று. பஸ் ஏறி, இறங்கி, ஈ காக்கை இல்லாத தெரு. பூட்டிய கிடங்குகளுக்கு நடுவே ஒரு மாடி வீடு. உள்ளறைச் சன்னலில் கம்பிக்கு மேல் பலகை அடித்திருந்தது.

"குளிருக்குத்தான்க்கா. பாஸ்போர்ட்டைக் குடுங்க, வீட்டு ஓனருக்கு ஒரு ஜெராக்ஸ் வேணுமாம். போனையும் குடுங்க. உங்க சார்ஜர் இந்த பிளக்ல சேராது, முன் ரூம்ல போடறேன்."

ஜெராக்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் கை தானாக நீண்டுவிட்டது. கடையில் எத்தனை பேர் அவளிடம் அப்படி நீட்டியிருப்பார்கள். வீட்டிலும் கடையிலும் ஆளுக்கு ஆள் எடுத்துப் பேசும் போன் என்பதால் அதற்குப் பூட்டு எதுவும் போட்டிருக்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"ஏம்மா, கதவு மாட்டிக்கிச்சு பாரு" என்றாள். தட்டினாள், கத்தினாள், தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். மதியத்துக்குமேல் முன்னறையில் அதே குரல், யாரிடமோ, அக்கா என்ற குழைவு துளியும் இல்லாமல்:

"ஒண்ணு வந்திருக்கு. நாளைக்கு வண்டி அனுப்புங்க. யாரும் தேட மாட்டாங்க, அதை நான் பாத்துக்கறேன்."

ஜெராக்ஸ் அக்கா கதவை விட்டு விலகினாள். மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அழுதாள். பிறகு, மெதுவாக, ஒரு தெம்பு வந்தது. யாரும் தேடமாட்டார்களாமே? இவளுக்கு என் தம்பியைத் தெரியாது. இன்று ரிங் போகாது. அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவான். விடுதி எண் அவனிடம் இருக்கிறது. போலீஸ், தூதரகம் என்று ஒரு இடம் விடமாட்டான். வண்டி வருவதற்குள் யாராவது வந்துவிடுவார்கள். சாயங்காலம் ஆகட்டும், ஆகட்டும் என்று பலகை இடுக்கில் வெளிச்சம் மங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாகத் தம்பி பட்டினி கிடக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

வெளிச்சம் போனது. முன்னறையில் நாற்காலி நகர்ந்தது. யாரோ போனை ஸ்பீக்கரில் போட்டார்கள்.

ரிங் ஒரே ஒருமுறை போனது. உடனே கட் ஆனது.

"டேய்!" என்று அவள் கதவில் மோதினாள். இந்நேரம் அவன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அக்கா நல்லா இருக்கா என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே, சாப்பிட உட்கார்ந்திருப்பான்.