நாலு நிமிடத்தில் ஒரு பெயர்

"நாலு நிமிஷம். எப்பேர்ப்பட்ட கொம்பன் பேரா இருந்தாலும் முதுகிலேருந்து நாலே நிமிஷத்துல இறக்கிடுவேன். இந்த ஊர்லேருந்து ஆட்டக்காரங்களை அனுப்பி வைக்கிறது மாடியில உக்காந்திருக்கற மேனேஜர்னு நெனைக்கிறீங்களா? நான்தான்!" என்று சொல்லியபடியே பெர்னடைன் ஸெலாஸ்கோ அடுத்த சட்டையைக் கவிழ்த்துப் போடுகிறார். பற்களுக்கிடையே நூல், மூக்கு நுனியில் கண்ணாடி. சலவை இயந்திரங்களின் பக்கமிருந்து வேண்டுமென்றே ஓர் இருமல் கேட்கிறது. "சரி, கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டேன். ஆறெழுத்துக்கு மேல போனா அஞ்சு நிமிஷம் ஆகும். மூக்கு சிந்தற நேரத்தைச் சேக்காம." அவரே ஒரு படி இறங்கி வந்துவிடுகிறார்.

ஏரிக்கரை நகரத்தின் பேஸ்பால் அணிக்குக் கொக்குகள் என்று பெயர். மைதானத்துக்கு அடியில், வெந்நீர்க் குழாய்கள் ஓடும் நிலவறையில், இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தக் கொக்குகளின் முதுகில் பெயர் தைப்பவர் பெர்னடைன். கோடையில் ஆட்டம் நடக்கும்போது அவருக்கு அவ்வளவாக வேலை கிடையாது. மேலே முழங்கால் உயரப் பனி விழுந்து, பந்தெல்லாம் பெட்டிக்குள் போன பிறகுதான் அவருடைய பருவம் தொடங்குகிறது. அணிகள் ஒன்றோடொன்று ஆள் மாற்றிக்கொள்ளும் மாதங்கள் அவை. மாடியில் ஒரு பேரம் முடிந்தால் கீழே ஒரு மஞ்சள் சீட்டு வரும். எந்தப் பெயரை எடுக்க வேண்டும், எந்தப் பெயரைத் தைக்க வேண்டும் என்று அதில் இருக்கும். பத்திரிகைக்காரர்களுக்குத் தெரிவதற்கு முன்னால் அது பெர்னடைனின் ஆணியில் தொங்கும்.

இது ஊருக்கும் தெரியும். அதனால் ஜனவரியில் அவர் ரொட்டிக் கடைக்குள் நுழைந்தால் வரிசை தானாக விலகி வழிவிடுகிறது.

"பெர்னி, யாரு போறாங்க?"

"பனி போகுது. மெதுவா."

"பந்து வீசற அந்த பிட்சரை வித்துட்டாங்களாமே?"

"உன் மாமியாரையும் சேத்து வித்துட்டாங்க. சீட்டு வந்திருக்கு."

வாய் திறக்க மாட்டார் என்று தெரிந்தபின் ஊர் வேறு வழி கண்டுபிடித்தது. நூல் கடையில் அவர் எத்தனை கண்டு வாங்குகிறார் என்று எண்ணத் தொடங்கிவிட்டார்கள். ஒரு வருடம், கொழுந்தனின் கோட்டுக்காகக் கறுப்பு நூல் ஐந்து கண்டு வாங்கினார். அன்று மாலை வானொலியில் பாதி அணியே காலி என்று ஒருவர் தொண்டை கம்ம அழுதாராம். இதைச் சொன்னது பெர்னடைன்தான் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

பிரித்த எழுத்துகளை அவர் தூக்கி எறிவதில்லை. சுவரோரம் இருபத்தாறு காப்பி டப்பாக்கள், ஆங்கில எழுத்துக்கு ஒன்று. 'ஏ'யும் 'ஈ'யும் எந்நேரமும் தட்டுப்பாடு. 'இஸட்' டப்பாவில் பொத்தான்கள் கிடக்கின்றன. பெரிய சம்பளக்காரர் ஒருவரின் பெயரைக் கலைத்தால், அந்த எழுத்துகள் பிப்ரவரியில் வரும் பொடியன்கள் இரண்டு மூன்று பேரின் முதுகுக்குப் போய்ச் சேரும். "மாடியில இந்த வருஷந்தான் சிக்கனம்னு ஒண்ணைக் கண்டுபிடிச்சிருக்காங்க. கோட்டு சூட்டோட வந்து எனக்குச் சொல்லித் தராங்க," என்கிறார்.

தொழிலில் அவருக்கு இரண்டு விதிகள். பெயரைக் கடைசி எழுத்திலிருந்துதான் பிரிக்க வேண்டும். கையெழுத்து ஆகும்வரை தொடவே கூடாது. இரண்டாவது விதி பட்டுத் தெரிந்துகொண்டது. ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு பிட்சரை விற்றார்கள். சீட்டு வந்த கையோடு பெர்னடைன் பெயரைப் பிரித்துவிட்டார். போன ஊரில் மருத்துவர் அந்தத் தோளைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்க, மூன்றாம் நாள் ஆள் திரும்பி வந்துவிட்டான். பெயரில்லாத முதுகோடு பயிற்சிக்கு இறங்கிய அவனை, பின்னால் நின்ற புதுப் பையன், "நீங்க யாரு?" என்று மரியாதையாகக் கேட்டுவைத்தான். அந்த வருடம் முழுக்க அவன் போட்ட பந்து அவன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

இந்தக் குளிர்காலத்தில் வந்த சீட்டு எஃப்ரயீன் ஸவாலாவுடையது.

ஸவாலா பதினோரு ஆண்டுகளாகக் கொக்குகளுக்காக முதல் பேஸ் என்கிற முதல் முனையைக் காத்து நிற்பவர். வெனிசுவேலாக்காரர். உள்ளூரில் ஆட்டம் இருக்கும் ஒவ்வொரு நாளும் நிலவறைக்கு இறங்கி வருவார். பெர்னடைனின் தையல் இயந்திரத்து மேல் நிற்கும் நூல்கண்டை ஒரு விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒன்றும் பேசாமல் மேலே போவார். அவ்வளவுதான். நூல் சிக்கிக்கொள்ளும், பெர்னடைன் திட்டுவார், அணி ஆடப் போகும். அணியில் எல்லோரையும்விடப் பெரிய சம்பளம் அவருக்கு. முதலாளியோ இந்த வருடச் சம்பளப் பட்டியலை இளைக்க வைத்தே தீருவது என்று கிளம்பியிருக்கிறார். மேற்குக் கடற்கரை அணி ஒன்று ஸவாலாவை எடுத்துக்கொண்டு, பதிலுக்குக் குறைந்த சம்பளத்தில் மூன்று பையன்களைத் தரச் சம்மதித்தது.

ஒரே ஒரு சிக்கல். பத்து ஆண்டு ஆடி, அதில் கடைசி ஐந்தையும் ஒரே அணியில் கழித்த ஆட்டக்காரரை அவர் சம்மதமில்லாமல் எங்கேயும் அனுப்ப முடியாது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஸவாலா கையெழுத்துப் போட வேண்டும். சம்மதம் சட்டைப்பையில் இருப்பதுபோல மாடிக்காரர்கள் திங்கட்கிழமையே சீட்டை அனுப்பிவிட்டார்கள்.

கூடவே பிரெஸ்காட் என்ற கணக்குப் பிரிவு இளைஞர் இறங்கி வந்தார். கோட்டுக்குக் கீழே ஓட்டப்பந்தயக் காலணி போட்டிருப்பவர்.

"மிஸஸ் ஸெலாஸ்கோ, மறைக்க விரும்பல. அவர் போனா எல்லாம் சரியாயிடும். போகலைன்னா வேற இடத்துல குறைக்கணும். தையல், சலவை ரெண்டையும் வெளியில குடுத்துடலாம்னு ஒரு யோசனை இருக்கு. என் கையில ஒண்ணும் இல்லைங்க."

"உங்க கையில ஒரு பேனா இருக்கே," என்றார் பெர்னடைன்.

சலவைப் பக்கம் நின்ற கார்னெல் பீபிள்ஸின் கையிலிருந்து ஒரு துண்டு நழுவிக் கீழே விழுந்தது. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் பாக்கியுள்ளவர் அவர்.

வியாழக்கிழமை ஸவாலாவே வந்தார். தொப்பியில் பனி. ஆட்டமில்லாத மாதத்தில் அவர் அந்தப் படிகளில் இறங்கியது அதுதான் முதல் தடவை. மேசையில் தன் சட்டை கிடப்பதைப் பார்த்தார். பெயர் முழுதாக இருந்தது.

"மிஸ் பெர்னி, மாடியில யாரும் நேராப் பதில் சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்க சொல்லுங்க. நான் போகலைன்னா இங்க யாருக்காவது அடி விழுமா?"

கார்னெல் இயந்திரத்தை நிறுத்தினார்.

பெர்னடைன் நூலைக் கடித்துத் துண்டித்தார். "யாருக்கு விழப்போகுது? மொதலாளி இந்த வருஷம் ஒரு படகு கம்மியா வாங்குவாரு."

"அப்ப போகட்டுமா, இருக்கட்டுமா?"

"கத்தி புடிச்சிருக்கறவகிட்ட யோசனை கேக்காதே. உனக்கு என்ன வேணும், அதைச் சொல்லு."

ஸவாலா சுவரோர டப்பாக்கள் பக்கம் திரும்பினார். "அக்டோபர்ல ஒரு தடவையாவது ஆடணும் மிஸ் பெர்னி. எல்லாரும் அக்டோபர்ல கோப்பைக்கு ஆடறாங்க. நம்ம கொக்குங்க செப்டம்பரோடயே பறந்துடுது. ஆனா இந்த ஊரை விட்டுட்டு..." முடிக்கவில்லை. நூல்கண்டை ஒரு சுற்றுச் சுற்றினார், படியேறிப் போய்விட்டார். பெர்னடைன் அன்று திட்டவில்லை.

கார்னெலுக்குத்தான் தாங்கவில்லை. "பைத்தியமா உனக்கு? நம்ம சோறு அவன் கையெழுத்துல இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா அவன் நமக்காகப் போவான்."

"போகட்டுமே!"

"மாட்டேன். போறதா இருந்தா அந்த அக்டோபருக்காகப் போகட்டும். உனக்கு வேலை போச்சுன்னா என் வீட்டுத் துணியெல்லாம் உன்கிட்டயே போடறேன், கவலைப்படாதே."

"உன் வீட்டுல ரெண்டு மேசை விரிப்பும் ஒரு பூனையும்தானே இருக்கு."

"பூனையையும் போடறேன்."

வெள்ளிக்கிழமை காலையில் தொலைபேசி மூன்று தடவை அடித்தது. மூன்று தடவையும் பிரெஸ்காட்.

"பிரிச்சாச்சா?"

"கையெழுத்து ஆச்சா?"

"ஆயிடும்."

"அப்ப பிரிச்சுடுவேன்."

ஒன்றரை மணிக்கு நாலாவது தடவை அடித்தது. பெர்னடைன் கேட்டார், "நல்லது" என்றார், வைத்தார். "போட்டுட்டான்," என்று கார்னெலிடம் சொன்னார். கார்னெல் அப்படியே துண்டு மூட்டைமேல் உட்கார்ந்து, தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். பிறகு பெர்னடைனின் முகத்தைப் பார்த்தார். எழுந்து போய் இயந்திரத்தில் துணி போட்டார்.

பெர்னடைன் சட்டையைக் கவிழ்த்துப் போட்டு, சின்னக் கத்தியை எடுத்தார். கடைசியில் ஓர் 'ஏ'. மேல்தையலை ஒவ்வொரு கண்ணாக அறுத்து, ஓரம் சிதையாமல் எடுத்தார். வரப்போகும் மூன்று பையன்களின் பெயரிலும் ஆளுக்கு ஓர் 'ஏ' இருக்கிறது. ஸவாலாவின் பெயரிலும் சரியாக மூன்று. பங்கு போட்டதுபோல அமைந்துவிட்டது. 'எல்'லும் 'வி'யும் டப்பாவுக்குப் போயின. 'இஸட்' மட்டும் யாருக்கும் வேண்டாம்.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் பிரெஸ்காட் சந்தோஷமாக இறங்கி வந்தார். கையில் அட்டை, அட்டையில் கட்டம் போட்ட தாள். கீழ்த்தளத்து வேலை ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று குறித்துக்கொண்டு போக வேண்டுமாம். சும்மா ஒரு குறிப்புக்குத்தானாம்.

"ஒரு பேரைப் பிரிக்க எவ்வளவு நேரம், மிஸஸ் ஸெலாஸ்கோ? உதாரணத்துக்கு இன்னிக்கு ஸவாலா பேரு?"

பெர்னடைன் மேசையில் கிடந்த சட்டையை மார்புப் பக்கம் மேலே வரும்படித் திருப்பிப் போட்டார். அதன்மேல் முழங்கையை நன்றாக ஊன்றிக்கொண்டார்.

"நாலு நிமிஷம்," என்றார்.

பிரெஸ்காட் 4 என்று எழுதினார்.

"அதை அடிச்சுட்டு வேற எழுதுங்க சார்," என்றார் கார்னெல், மடித்த துண்டுகளின் அடுக்குக்குப் பின்னாலிருந்து. "அவ கத்தியை எடுத்ததுக்கு அப்புறம் நான் முதல்ல ஒரு ஈடு துண்டு, அப்புறம் ஒரு ஈடு காலுறை, மறுபடி ஒரு ஈடு துண்டு. தோய்ச்சு, உலர்த்தி, மடிச்சும் வெச்சுட்டேன். அவ முழங்கையைக் கொஞ்சம் எடுக்கச் சொல்லிப் பாருங்க, மொத எழுத்து இன்னும் சட்டையிலதான் இருக்கு."